தொட்டியில் மிஞ்சும் தீவனம்

கோடை நண்பகலில் பாலூட்டும் தாய்ப்பன்றியின் கொட்டிலுக்குள் நுழைந்தால், தொட்டியில் அப்படியே கிடக்கும் தீவனம்தான் முதலில் கண்ணில் படும். பன்றி கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்திருக்கும். நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சுவிடும் விலங்கு 80, 100 என்று இரைத்துக்கொண்டிருக்கும். அதற்கு நோயுமில்லை, வீம்புமில்லை. உண்டால் உடல் இன்னும் கொதிக்கும் என்பதால் உண்ணாமல் கிடக்கிறது.

தீவனம் செரிப்பதும் அது பாலாக மாறுவதும் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் வேலைகள். ஒரு தாய்ப்பன்றி நாளொன்றுக்கு 8 முதல் 12 கிலோ பால் சுரக்கிறது. அந்த உழைப்பில் பிறக்கும் சூட்டை வெளியேற்ற வழிதான் குறைவு. பன்றிக்கு வேர்வைச் சுரப்பிகள் பெயரளவுக்கே வேலை செய்கின்றன. சேற்றில் புரள்வது அழுக்கின் மீதுள்ள ஆசையால் அல்ல. ஈரம் உலரும்போது தோல் குளிர்கிறது. சிமென்ட் தரையில் சேறு ஏது? மூச்சிரைப்பதும் தரையோடு ஒட்டிப் படுப்பதுமே மிச்சம். காற்று ஈரப்பதமாகவும் தரை சூடாகவும் இருந்தால் இரண்டாலும் பயனில்லை.

பிறந்த குட்டிக்கு 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும்; தாய்க்கோ 20 டிகிரியை ஒட்டியிருந்தால்தான் சுகம். இரண்டும் ஒரே அறையில் வாழ்கின்றன. குட்டிகளுக்காகத் தொங்கவிட்ட விளக்கின் சூடு தாயின் மீதும் விழுகிறது.

அறை 25 டிகிரியைத் தாண்டியதும் தாயின் பசி மளமளவென்று சரியும். ஆய்வில் அளந்து பார்த்தபோது, 18 டிகிரியில் நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் உண்ட பன்றிகள் 29 டிகிரியில் ஏறக்குறைய 3 கிலோவோடு நிறுத்திக்கொண்டன. குட்டிகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. மணிக்கு ஒருமுறையாவது மடியை முட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் பால் இறங்குவது சில நொடிகள்தான். ஆகவே தாய் தன் உடலையே கரைக்கிறது, முதலில் கொழுப்பை, பிறகு தசையையும். அப்படியும் பால் குறைகிறது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுவதால் குடலுக்கும் மடிக்கும் போவது குறைகிறது. குட்டி 1 கிலோ எடை கூட ஏறத்தாழ 4 கிலோ பால் தேவை என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். இளைத்துப்போன தாய், குட்டிகளைப் பிரித்தபின் ஒரு வாரத்துக்குள் வரவேண்டிய சினைப்பருவத்தையும் தள்ளிப்போடுகிறது.

பருவநிலை மாற்றத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இரவுதான். பகலில் பட்டினி கிடந்தாலும், கொட்டில் குளிர்ந்ததும் பன்றி எழுந்து உண்டு, பகலில் விட்டதை ஓரளவு ஈடுகட்டிவிடும். உலகின் பல நிலப்பகுதிகளில் பகலைவிட இரவின் வெப்பநிலை வேகமாக ஏறிவருகிறது. பகலின் உச்ச வெப்பத்தை மட்டும் குறித்துவைப்பவர் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார். இன்னொரு பக்கம், அதிகக் குட்டி, அதிகப் பால் என்று பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்கள் முன்பைவிட அதிகச் சூட்டை உடலிலேயே உண்டாக்குகின்றன. இதற்குப் பொறுப்பு நம்முடையது, அவற்றுடையதல்ல.

தீவனத்தின் சேர்மானத்தை மாற்றினால் ஓரளவு உதவும். நார்ச்சத்து குடலில் நொதிக்கும்போதும் மிகையான புரதம் சிதையும்போதும் சூடு அதிகம் பிறக்கிறது. கொழுப்பில் அது குறைவு. அதனால் புரதத்தைக் குறைத்து, அதனால் குறையும் லைசின் போன்ற அமினோ அமிலங்களை (புரதத்தின் அடிப்படைக் கூறுகளை) தனியாகச் சேர்த்து, கொஞ்சம் எண்ணெயும் கலக்கிறார்கள். ஆனால் விலங்கைக் குளிர்விக்காமல் தீவனத்தை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. தாயின் கழுத்திலும் தோளிலும் விட்டுவிட்டுச் சொட்டும் நீர் நல்ல பலன் தருகிறது. இடைவெளி அவசியம், ஏனென்றால் குளிர்ச்சி தருவது நீர் ஆவியாகும் கணம்தான். குட்டிகள் படுக்கும் இடம் நனையக் கூடாது. விடியலுக்கு முன்பும் இருட்டிய பின்பும் புதுத் தீவனம் வைக்க வேண்டும்; நண்பகலில் புளித்துக் கிடப்பதை அள்ளி எறிந்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குடிநீரைப் பாருங்கள். நீர் போதாத பன்றி தீவனத்தையும் தொடாது. பாலூட்டும் காலத்தில் அது நாளுக்கு 20 லிட்டருக்கு மேல், வெயிலில் இன்னும் அதிகமாகக் குடிக்கும். குடிநீர்க் குழாயின் முனைக்கடியில் ஒரு பாத்திரத்தைப் பிடித்து, முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள்: 2 லிட்டராவது நிரம்ப வேண்டும். பிறகு அந்த நீரில் கையை வையுங்கள். வெயிலில் ஓடும் குழாயிலிருந்து வருவதென்றால் வெதுவெதுப்பாக இருக்கும். குழாயை நிழலுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.