"வீட்டில சமைச்சதுதான், டொக்டர்!"

நத்தாருக்கு அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள், முதல்நன்மை விருந்துக்கு அடுத்த நாள். இந்த நாட்களில் என் அறைக்கு வெளியே வாங்கில் யார் இருப்பார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு முழுக் குடும்பம் இருக்கும். சத்தி, வயிற்றோட்டம், வயிற்றுக்குத்து. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "கடைச்சாப்பாடு ஒண்டும் இல்லை டொக்டர், எல்லாம் வீட்டில சமைச்சதுதான்" என்பார்கள். பழிபோட ஒரு கடை கிடைக்காத ஏமாற்றமும் அந்தக் குரலில் கொஞ்சம் இருக்கும். இந்த முறை எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மம்மாவைச் சேலைன் ஏற்ற வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நத்தார்ச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டிசெம்பர் 24 பின்னேரமே ஆட்டிறைச்சிக் கறி பெரிய சட்டியில் இறங்கிவிடும், ஏனென்றால் நள்ளிரவுப் பூசைக்குப் போக வேண்டும், உடுப்பு அயன் பண்ண வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி வெளிக்கிடுத்த வேண்டும். மஞ்சள் சோறும் அப்போதே அவிந்துவிடும். பூசை முடிந்து வந்து கேக் வெட்டி, ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்க இரண்டு மணி. சட்டி அடுப்பிலேயே இருக்கும், பூனை வரும் என்று மூடியும் போட்டிருக்கும். காலையில் எழும்பி ஒரு கொதி கொதிக்க வைத்து இடியப்பத்தோடு ஒரு நேரம், மத்தியானம் வந்தவர்களோடு இன்னொரு நேரம். பின்னேரம் 6 மணிக்கு இறக்கிய கறி காலை 8 மணிவரை குசினியில் கிடந்தால் அது 14 மணித்தியாலம். மார்கழிக் குளிர் என்று நாங்கள் சுவெற்றர் போடலாம், ஆனால் யாழ்ப்பாணத்தின் அந்தக் குளிரும் 20 பாகைக்கு மேலேதான். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த சாப்பாடு வெளியே இருக்கலாம் என்பது 2 மணித்தியாலம் மட்டும், வெயில் 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம். உயிர்த்த ஞாயிறு வரும் காலத்து வெக்கையை நான் சொல்லத் தேவையில்லை.

இதைச் சொன்னவுடன் வரும் பதில்தான் எனக்குக் கோபம் ஏறச்செய்வது: "வடிவாக் கொதிக்க வைச்சுத்தானே சாப்பிட்டனாங்கள்!"

சரி, இதைப் பொறுமையாகப் பார்ப்போம். அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி சாதாரணமாகவே இருக்கும். சோறு அவியும்போது அது சாகும், அதன் வித்துகள் சாகா. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது வித்துகள் முளைக்கும், பெருகும், பெருகும்போது சோற்றுக்குள் ஒரு நஞ்சை விட்டுவைக்கும். காலையில் நீங்கள் சூடாக்கினால் கிருமி சாகலாம். நஞ்சு அப்படியே இருக்கும். அந்த நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் அழியாது. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கர் முழு விசில் அடிக்கும்போதே கிட்டத்தட்ட 120 பாகைதான், இதில் நீங்கள் தாச்சியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி என்ன செய்யப் போகிறீர்கள்? பாம்பை அடித்துக் கொன்றால் கடிபட்டவர் உடம்பில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா? இது சோற்றோடு முடிகிற கதையும் இல்லை. கைவிரலில் வெட்டுக்காயம், சீழ்க்கட்டு உள்ளவர் கட்லட்டுக்குக் கிழங்கு பிசைந்தால், அந்தக் காயத்திலிருந்து போகும் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற கிருமி விடும் நஞ்சும் கொதிக்கு அசையாது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் சத்தி தொடங்கினால் நாங்கள் முதலில் நினைப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

பெரிய சட்டி இறைச்சிக் கறியின் கதை கொஞ்சம் வேறு. அங்கே குழப்பம் பண்ணுவது குளோஸ்ரிடியம் என்ற இன்னொன்று. இதைக் கொதிக்க வைத்தால் உண்மையாகவே கொல்லலாம், நடுவரைக்கும் கொதித்தால். ஓரத்தில் நாலு குமிழி வந்தவுடன் அடுப்பை நிற்பாட்டிவிட்டு "கொதிச்சிட்டுது" என்றால் அது கொதி இல்லை. இறைச்சி கிடந்து மெல்ல மெல்ல ஆறும் ஆழமான சட்டிதான் அதற்குப் பிடித்த இடம். வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது.

"மணக்கேல்லையே, புளிக்கேல்லையே?" மணக்காது. சாப்பாட்டை மணக்கச் செய்யும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகள் வேறு.

அடுத்து யாராவது பழஞ்சோற்றைக் கொண்டுவருவார்கள். அப்பப்பா பழஞ்சோறு தின்று தொண்ணூறு வயதுவரை தோட்டம் கொத்தினவர் என்று. பழஞ்சோறு தண்ணீரில் கிடந்து புளிக்கிறது, அந்தப் புளிப்பு பல கிருமிகளை வளரவிடாது. நெய்யும் கஜுவும் போட்டு மூடிவைத்த மஞ்சள் சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்பப்பாவை இதற்குள் இழுக்காதீர்கள்.

இன்னொன்று, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பிள்ளைகள் படுத்துவிட்டால் "இஞ்சத்தைத் தண்ணி ஒத்துவரேல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சில வேளை அது உண்மைதான். ஆனால் அதே கறியைச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் கழிவறைக்கு ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரில் பிழை சொல்ல முடியாது.

பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் எனக்கு விளங்கும். என் முன்னால் வருபவர்களில் பெரும்பாலானவர்களிடம் பிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் "சூட்டோட உள்ளுக்க வைச்சாப் பழுதாப் போகும்" என்று அம்மா சொன்னவ. எது பழுதாகும்? சாப்பாடு பழுதாகாது. கொதிக்கக் கொதிக்கப் பெரிய சட்டியை உள்ளே தள்ளினால் மற்றச் சாமான்கள் சூடாகும், அவ்வளவுதான். அதற்கு வழி, கறியை இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் வராமல் பிரித்து ஊற்றுவது. அவசரம் என்றால் பாத்திரத்தைத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்துக் கிண்டிவிடுங்கள். ஆவி அடங்கியவுடன் உள்ளே வையுங்கள், முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். பூசைக்கு வெளிக்கிட முன் இது முடிய வேண்டும். அப்புறம், அடுத்த நாள் தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியையும் சொதியையும் எடுத்து, சூடாக்கி, திரும்ப வைத்து, திரும்ப எடுத்து விளையாடாதீர்கள். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். மூடியே இருந்தால் 4 மணித்தியாலம் தாங்கும்.

இதைவிட நல்ல வழி, குறையச் சமைப்பது. இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன். நத்தாருக்கு ஐந்து வகை இறைச்சி வேண்டும் என்று எந்தச் சுவாமியும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. இறைச்சியை 24ஆம் திகதியே வெட்டிக் கழுவித் தூள் பிரட்டிப் பிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் சமையுங்கள், ஒரு மணித்தியாலம் கூடப் போகும், போகட்டும். காலைக்கு இடியப்பமும் சம்பலும் முட்டைப் பொரியலும் போதும். மத்தியானம் வெள்ளைச் சோறு, ஒரு இறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். சமைத்த சூட்டோடு எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கும் அப்படித்தான். பூசையால் வந்து ஒரு மீன் குழம்பு, முருங்கையிலை வறை, சோறு என்றால் மிஞ்சவும் மிஞ்சாது, சமைத்தவவும் பின்னேரம் கொஞ்சம் படுத்து எழும்பலாம்.

மீன் என்றதும் ஒன்று. பெரிய வெள்ளிக்கு இறைச்சி இல்லை என்று சூரை வாங்குவீர்கள். ஐஸில் கிடந்த மீனா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறும், அதுவும் சமையலில் அழியாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். (பெரிய வெள்ளி உபவாசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அறுபதை எட்டியவர்களுக்குத் திருச்சபைச் சட்டப்படி உபவாசக் கடமை இல்லை, நோயாளிகளையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து மயங்கி விழாதீர்கள்.)

பச்சைக் கோழியைப் பைப்புக்குக் கீழே பிடித்துத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள், பக்கத்தில் சலாதுக்கு வெட்டிவைத்த வெங்காயத்தில் அது விழும். கோழி வெட்டிய பலகையில் தக்காளி வெட்டாதீர்கள். உறைந்த இறைச்சியை இரவு முழுக்க மேசையில் வைத்து இளகவிடாதீர்கள், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வயிற்றோட்டம் உள்ளவர் குசினிக்குள் போகவே கூடாது, அவர் எவ்வளவு கைப்பக்குவம் உள்ளவராக இருந்தாலும்.

இவ்வளவும் தாண்டி வந்துவிட்டது என்றால், ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைப் பக்கெற்றை ஒரு கப்பில் கரைக்கிற வேலை வேண்டாம், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பாமசியில் கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தை நிற்பாட்டும் குளிசை கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடிப்பதெல்லாம் சத்தியாக வருவது, சலம் போகாமல் இருப்பது, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், காசு இல்லை. முதியவர்கள், கர்ப்பிணிகள், சீனி வருத்தக்காரர் என்றால் இன்னும் கெதியாக. போகும்போது எந்தக் கறி எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, முதல் சத்தி எப்போது, வீட்டில் யார் எதைச் சாப்பிடாமல் தப்பினவர் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், பார்க்கிற டொக்டருக்குப் பாதி வேலை குறையும்.