பாடம் நடத்துவதும் ஆயுத ஏற்றுமதிதான்

"பொருள் எதையும் அனுப்பவில்லையே, வெறும் பயிற்சிதானே, அதற்கு எதற்கு லைசென்ஸ்?" அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை நிறுவனங்களுக்கு ஏற்றுமதிச் சட்ட ஆலோசனை சொல்லும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் ஓய்வுபெற்ற விமானிகள், சிமுலேட்டர் மென்பொருள் எழுதும் பொறியாளர்கள். நம் ஆட்களும் அதில் உண்டு.

ஐடார் எனப்படும் அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிகளின்படி, வெளிநாட்டுப் படைக்குத் தரும் ராணுவப் பயிற்சியே ஒரு 'பாதுகாப்புச் சேவை'. வகுப்பு அரிசோனாவில் நடந்தாலும் சரி, வாங்கும் நாட்டிலேயே நடந்தாலும் சரி. தபால்வழிப் பாடம், பேச்சுவாக்கில் சொல்லும் ராணுவ ஆலோசனை எல்லாம் இதில் அடக்கம். வெளியுறவுத் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். தெரிந்தே மீறினால், ஒவ்வொரு மீறலுக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை.

நட்பு நாடு என்பதால் கிடைக்கும் சலுகை நினைப்பதைவிடக் குறைவு. பெரிய விற்பனைகளை நாடாளுமன்றத்துக்கு அறிவித்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். நேட்டோ நாடுகள், ஜப்பான், தென்கொரியா போன்றவற்றுக்கு 15 நாள். 2024 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. அதிலும் அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான், விலக்குக்கு வெளியே நிற்கும் தொழில்நுட்பங்களின் பட்டியலும் உண்டு.

இன்னொரு குழப்பம், விற்பனை எந்த வழியில் நடக்கிறது என்பது. 1993 முதல் அரிசோனாவின் லூக் விமானப்படைத் தளத்தில் பறந்த சிங்கப்பூரின் எஃப்-16 விமானிகளும், ஆர்கன்சாவின் எப்பிங் தளத்தில் எஃப்-35 பழகும் போலந்து விமானிகளும் அரசுக்கு அரசு நடக்கும் விற்பனையில் வந்தவர்கள். அங்கே விற்பது அமெரிக்க அரசு. உங்கள் நிறுவனம் ஒப்பந்ததாரர் மட்டுமே, ஒப்பந்தத்தில் எழுதியதைத்தான் செய்யலாம். நீங்களே நேரடியாக ஒரு விமானப்படையோடு பேசி முடிக்கும்போது அந்தக் குடை கிடையாது. "முந்தைய கான்ட்ராக்டில் இதையே சொல்லிக் கொடுத்தோமே" என்பது பதில் ஆகாது.

சிக்கல் பெரும்பாலும் வகுப்பறையில் வருவதில்லை, பறந்து முடித்தபின் நடந்ததை அலசிப் பேசும் டீபிரீஃபிங்கில் வருகிறது. அனுமதி, வரும் விமானத்தை வழிமறிக்கும் இடைமறிப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் அதிகாரி ஒருவர், "சார், ரேடாரை ஜாம் செய்தால் என்ன பண்ணுவது?" என்று கேட்கிறார். பயிற்றுநர் நல்ல ஆசிரியர், மார்க்கரை எடுத்துவிடுகிறார். அந்த ஐந்து நிமிடம் லைசென்ஸில் இல்லை. அப்புறம் மாணவர் பலகையை போனில் படம் பிடித்துக்கொள்கிறார். "அது இந்தக் கோர்ஸில் இல்லை, எழுத்தில் கேளுங்கள்" என்பது இருபது ஆண்டு சொல்லிக் கொடுத்தவர் வாயில் லேசில் வராது. அதனால்தான் அனுமதிக்கப்பட்ட பாடத்திட்டத்தை அந்த அறையின் மேஜையிலேயே வைக்கச் சொல்கிறேன். சட்டப் பிரிவின் பீரோவில் இருந்து என்ன பயன்?

ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கு ஒரு கூடுதல் வேலை. வெளிநாட்டு அரசிடம் சம்பளம் வாங்குவதற்கு முன், தங்கள் படைத்துறைச் செயலர், வெளியுறவு அமைச்சர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். இல்லையென்றால் பென்ஷனில் கை வைப்பார்கள்.

கடைசியாக, இருக்கையில் உட்காரப்போவது யார்? 2022 அக்டோபரில், தன் முன்னாள் ராணுவ விமானிகள் 30 பேர் வரை சீன ராணுவத்துக்குப் பயிற்சி தரப் போயிருப்பதாக பிரிட்டன் எச்சரித்தது. 2023 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் ஒரு பயிற்சி நிறுவனத்தை அமெரிக்க வணிகத் துறை தடைப் பட்டியலில் சேர்த்தது. இடைத்தரகர் 'நட்பு நாட்டு விமானப்படை' என்று சொன்னால் போதாது. மாணவர் பட்டியலைப் பெயரோடு, குடியுரிமையோடு கேளுங்கள், இரட்டைக் குடியுரிமை உட்பட. கோர்ஸ் தொடங்கும் வாரத்தில் இரண்டு பெயர் மாறுவது சகஜம். புதிய பெயர்களையும் முதலிலிருந்து சரிபாருங்கள், விமான டிக்கெட் போட்டாகிவிட்டது என்று எத்தனை போன் வந்தாலும்.