கொசுவின் வம்சம் சொல்லும் எழுத்துப்பிழைகள்

"பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கொசுக்களை வேறு வேறு இனம் என்கிறீர்கள். சரி, அதில் எது எதற்குப் பங்காளி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ராமநாதபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் உள்ள அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்பது ஒரே கொசு அல்ல. பெரும்பாலும் மாட்டைக் கடித்துவிட்டுப் போகும் 'பி' ஒன்று, மலேரியாவைப் பரப்பும் 'இ' இன்னொன்று. லென்ஸில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

டிஎன்ஏவில் நான்கு எழுத்து, தலைமுறைதோறும் நகலெடுப்பு, அவ்வப்போது பிழை என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அந்தப் பிழைதான் இங்கே சாட்சி. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டவர்கள் செய்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உ.வே.சா. போன்றவர்கள் ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்துப் பாடபேதங்களைக் குறித்தார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று ஊகிக்கலாம். கொசுக்களுக்கும் இதே முறைதான். பல இனங்களின் ஒரே மரபணுவை வரிசையாக அடுக்கி, பொதுவான மாற்றங்களை வைத்துக் கணினி ஒரு வம்ச மரம் வரைகிறது.

ஆனால் ஏடு எழுதுகிறவர் பக்கத்தில் இன்னொரு ஏட்டையும் வைத்துக்கொண்டு, நடுநடுவே அதிலிருந்து நாலு செய்யுளைச் சேர்த்துவிட்டால்? முதல் இயலைப் பார்த்தால் ஒரு வம்சம், மூன்றாம் இயலைப் பார்த்தால் வேறு வம்சம்.

ஆப்பிரிக்காவின் காம்பியே என்ற அனாபிலிஸ் கொசுக்கூட்டத்தில் நடந்திருப்பது இதுதான். தோற்றத்தில் பிரிக்க முடியாத குறைந்தது எட்டு இனங்கள் அதில் உண்டு. காம்பியே, கொலுஸ்ஸி, அரபியென்சிஸ் மூன்றும் மலேரியாவைப் பரப்புவதில் பேர்போனவை. குவாட்ரிஅனுலேட்டஸ் மாட்டோடு நின்றுவிடும். மேரஸும் மேலஸும் உப்புநீரில் வளரும். 2015-இல் இவற்றில் ஆறு இனங்களின் முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். இரண்டாம், மூன்றாம் குரோமோசோம்களில் பெரும்பகுதி, அரபியென்சிஸை காம்பியேவுக்கும் கொலுஸ்ஸிக்கும் நெருங்கிய உறவு என்றது. எக்ஸ் குரோமோசோம் மட்டும், இல்லை, அது மாட்டுக்கொசுவான குவாட்ரிஅனுலேட்டஸுக்குத்தான் உறவு என்றது.

தேர்தல் என்றால் பெரும்பான்மை ஜெயித்திருக்கும். இங்கே எக்ஸ் சொன்னதுதான் உண்மை. அதைக் கண்டுபிடித்த தர்க்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இனம் விட்டு இனம் கூடியதால் கடன் வாங்கிய பகுதி, இனங்கள் பிரிந்த பிறகு வந்தது. பிழைகள் சேர அதற்குக் கிடைத்த காலம் குறைவு, அதனால் வித்தியாசமும் குறைவு. ஆகவே எந்த மரத்தின் கிளைகள் ஆழமாக, அதிகப் பழமையோடு பிரிகின்றனவோ அதுதான் மூல வம்சம். எக்ஸின் மரம்தான் ஆழமாக இருந்தது.

சரி, எக்ஸ் மட்டும் எப்படிக் கலப்படத்திலிருந்து தப்பியது? காம்பியேவும் அரபியென்சிஸும் கூடினால் பிறக்கும் ஆண் கொசு மலடு, பெண்ணுக்குக் குறையில்லை. இப்படி ஒரு பால் மட்டும் பாதிக்கப்பட்டால், அது இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம்கள் உள்ள பாலாகவே பெரும்பாலும் இருக்கும் என்று 1922-இலேயே மரபியல் அறிஞர் ஹால்டேன் சொல்லிவிட்டார். (பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து புவனேஸ்வரில் காலமானாரே, அதே ஹால்டேன்.) கொசுவில் அது ஆண். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மற்றது ஒய். அதில் இருக்கும் மரபணு மற்ற குரோமோசோம்களோடு ஒத்துப்போகாவிட்டால், ஈடுகட்ட இன்னொரு எக்ஸ் கிடையாது. அதனால் அந்நிய எக்ஸைச் சுமக்கும் ஆண்களின் வம்சம் அங்கேயே நின்றுவிடுகிறது. மற்ற குரோமோசோம்களின் துண்டுகளோ, கலப்பினப் பெண்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இதெல்லாம் பழங்கதைதானே என்று கேட்கலாம். இல்லை, அண்மையிலும் நடந்திருக்கிறது. கொசுவின் நரம்புச் செல்லில் சோடியம் நுழையும் வாசலுக்கான மரபணுவில் டிடிஏ (TTA) என்று மூன்றெழுத்து வரும் ஓர் இடம் உண்டு. கடைசி எழுத்து மாறி அது டிடிடி (TTT) ஆனால் போதும், கொசுவலையில் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்தைக் கொசு தாங்கிக்கொள்ளும். இந்த மரபணு இருப்பது இரண்டாம் குரோமோசோமில். மாலி நாட்டில் மருந்து தோய்த்த வலைகள் பெருமளவில் விநியோகிக்கப்பட்ட காலத்தையொட்டி, கொலுஸ்ஸி இந்த மாற்றத்தைக் காம்பியேவிடமிருந்து வாங்கிக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவே வேலி இன்னும் தாழ்வு, பிறக்கும் ஆண்கூட மலடல்ல.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். வரிசை படிக்கும் இயந்திரத்துக்குப் பணம் கேட்டால் கிடைத்துவிடுகிறது. விடியற்காலையில் மாட்டுக்கொட்டகையில் டார்ச் அடித்து, உறிஞ்சுகுழாயால் கொசுவை ஒவ்வொன்றாகப் பிடித்து, பிடித்த இடத்தைச் சீட்டில் எழுதி வைக்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் இயந்திரம் கக்கும் எழுத்துகள் எந்த ஊர்க் கொசுவுடையவை என்றே தெரியாது.