‘ரீமாஸ்டர்’ ஒட்டுத்தாளை நம்பிப் பழைய தட்டை விற்றுவிடாதீர்கள்

பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் டிஜிட்டல் கோப்புகளாக மாற்றித் தருவது என் தொழில். கிளாசிக் ராக், ப்ளூஸ் சேகரிப்பாளர்களிடமிருந்து அடிக்கடி ஒரே மாதிரியான புகார் வரும். புதிய மறுவெளியீட்டை வாங்கியிருப்பார்கள்; அலமாரியில் இடமில்லை என்று பழைய தட்டை விற்றிருப்பார்கள்; இப்போது பாட்டு ஏதோ போல இருக்கிறது என்பார்கள். தன் காதுக்குத்தான் வயதாகிவிட்டதோ என்ற சந்தேகம் வேறு. பெரும்பாலும் காதில் பழுதிருக்காது. பெயரும் அட்டைப்படமும் அதேதான், உள்ளே இருக்கும் ஒலிதான் வேறு.

ஸீ ஸீ டாப் குழுவைப் பாருங்கள். டெக்சாஸ் ப்ளூஸின் வறட்டு அழகு முழுவதும் தெரியும் ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ 1973இல் வந்தது. 1987இல் குழுவின் பழைய ஆல்பங்களைச் சேர்த்து ‘சிக்ஸ் பேக்’ என்ற குறுந்தகடு தொகுப்பு வந்தபோது, பெரும்பாலானவற்றின் ஒலிக்கலவையையே மாற்றிவிட்டார்கள். டிரம்ஸில் எண்பதுகளின் பாணி எதிரொலி ஏறியது. ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ அசல் கலவையுடன் குறுந்தகடில் கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வினைல் தட்டைக் கொடுத்துவிட்டுக் குறுந்தகடு வாங்கியவர்களுக்கு மிஞ்சியது வேறொரு ஆல்பம்.

இதைவிடத் துணிச்சலான வேலையும் நடந்திருக்கிறது. ஓஸி ஓஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002இல் மறுபடி வந்தபோது, அசல் பேஸ், டிரம்ஸ் பகுதிகள் அகற்றப்பட்டு, வேறு கலைஞர்கள் புதிதாக வாசித்தவை சேர்க்கப்பட்டிருந்தன. 2011 பதிப்பில்தான் அசல் வாசிப்பு திரும்பியது. இதற்கெல்லாம் கடை அலமாரியில் இருக்கும் பொதுப்பெயர் ‘ரீமாஸ்டர்’.

தொழிலில் நாங்கள் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறோம். குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகியிருக்கும் நாடா முதல் நிலை. அவற்றைக் கலந்து இரண்டு தடமாக்கிய மூல நாடா அடுத்தது. தட்டுக்கோ குறுந்தகட்டுக்கோ ஏற்றபடி அந்த மூல நாடாவின் ஒலிச்சமநிலையையும் அளவையும் சீர்செய்வதுதான் மாஸ்டரிங். மறுபடி தனித்தடங்களுக்கே போய்க் கலந்தால் அது ரீமிக்ஸ். யாரையாவது புதிதாக வாசிக்க வைத்தால் அது மறுபதிவு. உறையின் பின்பக்கச் சிறு எழுத்தில் ‘அசல் அனலாக் மூல நாடாவிலிருந்து’ என்று இருந்தால், எந்த நாடா, எந்த ஆண்டில் எடுத்த பிரதி என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ஏற்றுமதிக்காக எடுத்த மூன்றாம் தலைமுறைப் பிரதியும், அதாவது நகலின் நகலும், நாடாதான்.

அடுத்தது உரப்பு, அதாவது பதிவு எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்பது. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. எனவே பாட்டைச் சத்தமாக்க விரும்புகிறவர்கள் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உச்சங்களை அமுக்கிவிடுவார்கள். தி ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ இதில் பெயர்போனது. 1973இல் டேவிட் போவி கலந்த வடிவம் மெலிந்தது என்ற குறை இருந்தது. 1997இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே மறுபடி கலந்து, வரம்பை முட்டும் அளவுக்கு உயர்த்தினார். அது அவருடைய பாட்டு, அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினால் சரி. ஆனால் அதே வைத்தியத்தை ப்ளூஸுக்குச் செய்தால் என்னால் பொறுக்க முடிவதில்லை. 1964 நவம்பர் 21 அன்று சிகாகோ ரீகல் அரங்கில் பி. பி. கிங் வாசித்ததைக் கேளுங்கள். கூட்டத்தோடு பேசிக்கொண்டே வந்து, கிட்டாரின் ஒரே சுரத்தில் அரங்கைத் தூக்கி நிறுத்துவார். பேச்சும் அந்தச் சுரமும் ஒரே உயரத்தில் நின்றால் அங்கே என்ன நடந்தது என்பதே போய்விடும். அமுக்கப்பட்ட பதிவு என் திரையில் செங்கல் போலத் தெரியும், மேடும் பள்ளமும் இருக்காது.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சேகரிப்பாளர்கள் விடும் பெரிய பிழையும் இங்கேதான். சற்றுச் சத்தமாக ஒலிப்பதே நமக்கு நன்றாகப் படும், காதின் இயல்பு அது. முதலில் இரண்டின் ஒலியளவையும் கவனமாகச் சமப்படுத்துங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். கடையில் பத்து நொடி கேட்டுவிட்டு வாங்குவது வீண்.

புதியது எல்லாம் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ராபர்ட் ஜான்சன் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டாலஸிலும் பதிவுசெய்த 29 பாடல்கள் நேரடியாகத் தட்டில் வெட்டப்பட்டவை, அன்று நாடா ஏது! 1961இல் வந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு), 1990இன் முழுத் தொகுப்பு, 2011இன் நூற்றாண்டுத் தொகுப்பு என்று வரிசையாகக் கேட்டால் குரல் நெருங்கி வருவது தெரியும். ஆனால் இரைச்சலைத் துடைத்துப் பளிங்காக்கிய மலிவுப் பதிப்புகளும் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவற்றில் இரைச்சலோடு சேர்ந்து மூச்சும் கம்பியில் விரல் உரசும் ஒலியும் போயிருக்கும். கொஞ்சம் கரகரப்பு இருக்கட்டும்.

வினைல் வாங்குகிறவர்கள் டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்களும் எழுத்துகளும் உறையைவிட நம்பகமானவை. 1969இன் ‘லெட் ஸெப்பெலின் II’ தட்டில் ‘ஆர்எல்’ என்ற இரண்டு எழுத்துகளைத் தேடி உலகம் முழுவதும் ஆட்கள் அலைகிறார்கள். மாஸ்டரிங் பொறியாளர் ராபர்ட் லுட்விக் வெட்டிய அந்தப் பதிப்பின் ஒலி அவ்வளவு உரத்தது. மலிவு டர்ன்டேபிள்களில் ஊசி துள்ளுகிறது என்று அதை மாற்றி வெட்டினார்கள்.

முழுக்க அனலாக், டிஜிட்டலே கலக்காதது என்ற நம்பிக்கைக்கு 2022இல் பெரிய அடி விழுந்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் இடையே ஒரு டிஜிட்டல் படியைப் பயன்படுத்தியது வெளியே வந்தது. வழக்கு நடந்து 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஆனது. அதே தட்டுகளின் ஒலியை அதுவரை வானளாவப் புகழ்ந்தவர்கள் ஏராளம் என்பதையும் மறக்கக் கூடாது. டிஜிட்டல் படி ஒலியைக் கெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதை வாங்குகிறவரிடம் சொல்லாததுதான் தவறு.

நேரலைப் பதிவுகளுக்கு வருவோம். குழப்பம் மிகுந்த இடம் இது. தி ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்ததிலிருந்து அந்த ஆண்டு வந்த எல்பியில் ஆறு பாடல்கள்தான். 1995 குறுந்தகடில் அது 14 ஆனது. 2001 பதிப்பில் குழுவின் ராக் ஓபரா ‘டாமி’ முழுவதும் வந்தது, ஆனால் நிகழ்ச்சியின் நடுவே வாசித்த அதை இரண்டாவது தட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அசல் எல்பியின் லேபிளில் ‘படபடப்புச் சத்தம் இருக்கும், திருத்த வேண்டாம்’ என்று கையெழுத்தில் எழுதியிருந்தது. பின்னர் கணினி வைத்து அதையும் திருத்திவிட்டார்கள். நேரலை என்றால் அன்றிரவு நடந்தது அப்படியே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 சுற்றுப்பயணத்திலிருந்து வந்த புகழ்பெற்ற நேரலை ஆல்பத்திலேயே சில குரல் பகுதிகள் பிறகு ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டவை.

இன்னொரு பக்கம், வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்த நேரலைத் தட்டுகள் கடைகளிலும் இணையத்திலும் குவிகின்றன. ஊர்ப்பெயரும் ஆண்டும் தலைப்பாக இருக்கும். குழுவின் வழக்கமான நிறுவனத்தின் பெயர் எங்கும் இருக்காது. அட்டைப்படம் சம்பந்தமில்லாத ஆண்டின் புகைப்படமாக இருக்கும். சட்டநிலை நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பெரும்பாலும் கலைஞருக்கு ஒரு காசும் போகாது. ஒலியும் யாரோ வீட்டில் கேசட்டில் பிடித்ததாகவே இருக்கும். ரசிகர் பதிவே கூடாது என்பது என் வாதமல்ல. கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. அந்தப் பதிவுகள் கைமாறும், விற்பனைக்கு வராது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்தது பல பத்தாண்டுகள் கேசட்டாகவே சுற்றி, 2017இல் முறையாக வெளிவந்தது. ரசிகர் பிரதியும் அதிகாரப்பூர்வத் தட்டும் இரண்டும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூஸ் மறுவெளியீடுகளில் பாடலாசிரியர் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன், தன் பாடலிலிருந்து எடுத்ததாக 1985இல் லெட் ஸெப்பெலின் மீது வழக்குத் தொடுத்து, 1987இல் சமரசம் ஆன பிறகுதான் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலின் பிந்தைய பதிப்புகளில் அவர் பெயர் ஏறியது.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கவைத்து அடுக்கினால் வளையும். வினைலுக்கு விற்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டில் ஒருபோதும் தடவாதீர்கள், மேற்பரப்பே கரையும். அந்தத் தட்டுக்கு எல்பி ஊசியும் ஆகாது, அகலமான தனி ஊசி வேண்டும். 1988 முதல் 1993 வரை பிரிட்டனில் ஓர் ஆலையில் தயாரான குறுந்தகடுகள் பல வெண்கல நிறமாகிப் பாழாகின்றன. விளிம்பு பழுப்பாகத் தெரிந்தால் இன்றே கணினியில் நகல் எடுங்கள்.

எழுபது, எண்பதுகளின் ஒலிநாடாச் சுருள் கையில் கிடைத்தால் ஆவலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். அக்காலத்து நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளை ஒட்டவைத்த பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்திருக்கும். ஓடும்போது கிறீச்சிட்டு, துகள் உரிந்து பதிவுக் கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். உரிந்ததை மீட்க வழியில்லை. சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கினால் பெரும்பாலும் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். இதற்குச் சமையலறை அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். வெப்பத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.