பொட்டலம் கொடுக்கும்போது ரேஷன் கார்டையும் கேளுங்கள்

ஊரில் பசியோடு இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் சாம்பார் சாதப் பொட்டலத்தில்தான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஞாயிறுதோறும் பொட்டலம் வாங்கும் ஒரு பாட்டியிடம் ஒருநாள், "ரேஷன்ல அரிசி வாங்கலையா பாட்டி?" என்று கேட்டோம். "மெஷின்ல ரேகை விழல தம்பி. மூணு மாசமா போயிட்டுப் போயிட்டு வர்றேன்" என்று கையை நீட்டிக் காட்டினார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்தே வழவழவென்று ஆகிவிட்ட விரல்கள். அவரிடம் இருந்தது, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை. மாதம் 35 கிலோ அரிசி, காசு கொடுக்காமல் வாங்க வேண்டியவர். வாரம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய எங்களுக்கு அன்று மனசு ஆறவே இல்லை.

கடைக்குப் போக முடியாதவர்களுக்கும் ரேகை விழாதவர்களுக்கும் வேறு வழி உண்டு. தனக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்கலாம் என்று எழுதிக்கொடுக்கும் அங்கீகாரப் படிவம்தான் அது. பாட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டு எழுதிக்கொடுத்தோம், அடுத்த மாதம் அரிசி வந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பொருள் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. தொடங்கியபோது 70 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று வைத்தார்கள். உங்கள் தெருவில் யார் யார் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கடையில் கேளுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் குறைந்தது 5 கிலோ தானியம், அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்ற ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கும் அங்கன்வாடியில் உணவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு. இவை எல்லாமே இந்தச் சட்டம் தரும் உரிமை. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் விலையில்லா அரிசி கொடுப்பது தமிழ்நாடு தானாகச் செய்வது. ஸ்மார்ட் கார்டில் இருக்கும் குறியீட்டைப் பார்த்தாலே வகை தெரியும். பிஎச்எச் என்றால் முன்னுரிமை, கூடவே ஏஏஒய் இருந்தால் அந்தியோதயா, என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாதது. அதன் பின்னால் எஸ் என்று இருந்தால் சர்க்கரை அட்டை, என்சி என்றால் எந்தப் பொருளும் கிடையாது. கூலி வேலைக்குப் போகிறவர் கையில் என்சி அட்டையைப் பார்த்தால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் முழுக்க ஒரேயடியாகக் கணக்கு எடுக்க நினைக்காமல் ஒரு தெருவை எடுங்கள். நோட்டும் பேனாவும் போதும். கார்டு இருக்கிறதா, என்ன வகை, எல்லார் பெயரும் இருக்கிறதா, போன மாதம் என்ன வாங்கினீர்கள், வாங்காத பொருளுக்கு வாங்கியதாக போனில் குறுஞ்செய்தி வந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பருப்பு வாங்காத வீட்டில் பருப்பு வாங்கியதாக வந்த குறுஞ்செய்தியைவிடப் பெரிய ஆதாரம் வேறு இல்லை.

விட்டுப்போகிறவர்கள் யார் என்பது இரண்டு மூன்று வீடு ஏறியதுமே தெரிந்துவிடும். அம்மா வீட்டுக் கார்டில் பெயர் நீக்காததால் மாமியார் வீட்டுக் கார்டில் சேர முடியாத மருமகள், பெயர் சேர்க்காத குழந்தை, தனியாக இருக்கும் தாத்தா. அப்புறம் வாடகைக்கு வந்தவர்கள். கார்டு வேறு மாவட்டத்தில் இருந்தாலும் இங்கேயே வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்ததிலிருந்து, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு உள்ள பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கும் இங்குள்ள கடையில் தானியம் வாங்கும் உரிமை உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பலருக்கு இது தெரியாது. அவர்கள் மொழியில் ஒருவரை வைத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பெயர் சேர்த்தல், நீக்கல் போன்றவற்றுக்கு இ-சேவை மையம் போதும். சிக்கலான மனுவை, மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் கொடுக்கலாம். புகார் என்றால் 1967 அல்லது 1800 425 5901. அதற்கும் அசையவில்லையா, மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேலே மாநில உணவு ஆணையம். சட்டப்படி தர வேண்டிய தானியமோ உணவோ கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கலாம் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மனுவில் இந்தப் பிரிவுகளின் பெயரைப் போட்டு எழுதுங்கள், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

தன்னார்வலர்கள் அதிகம் கைவைக்காத இரண்டு பிரிவுகள் 28-உம் 29-உம். முதலாவது ரேஷன் கடைக்குச் சமூகத் தணிக்கை, அதாவது கடை நடக்கும் விதத்தை மக்களோடு சேர்ந்து சரிபார்ப்பது, செய்யச் சொல்கிறது. இரண்டாவது கடை அளவிலேயே கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. உள்ளாட்சி, பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அந்தக் குழுவில் உரிய இடம் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் கடைக்கு அப்படி ஒரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழுவை மறுபடி அமைக்கும்போது ரேகை விழாத அந்தப் பாட்டி போன்ற ஒருவரின் பெயரை முன்மொழியுங்கள். கடை வாசலில் மூன்று மாதம் நின்றவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

இன்னொன்று. கடை விற்பனையாளரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். பல நேரம் அவருக்கே மூட்டை குறைந்துதான் வந்திருக்கும். அவரிடம் இருப்புக் கணக்கைக் கேட்டு, மனுவை வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதுங்கள். பொட்டலம் வாங்குகிறவர்களையும் மனு கொடுக்கிறவர்களையும் போட்டோ எடுத்துப் போடவே போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே என்று கூசிக்கொண்டு வராமல் போகிறவர்தான் அதிகம் பசித்திருப்பவர்.

தெருக் கணக்கு முடிந்ததும் கிராமசபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கூடுகிறது. விட்டுப்போனவர்களின் பட்டியலையும், கண்காணிப்புக் குழு அமைக்கக் கோரும் தீர்மானத்தையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பிரதியில் ஊராட்சி முத்திரையும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.