தரிசு என்று எழுதுவதற்கு முன்

உயிரி எரிபொருளில் முனைவர் பட்டம் செய்ய விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆலோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்களில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: "தரிசு நிலங்களில் எரிசக்திப் பயிர்களை வளர்க்கலாம்." அதைப் படித்ததும், ஏதாவது ஓர் ஊருக்குப் போய், நிலங்களை வகைப்படுத்தி எழுதிவைத்திருக்கும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு என்று அதில் வகைவகையாக எழுதியிருக்கும். வரிக் கணக்குக்காக வந்த பிரிவுகள் அவை. அந்த நிலத்தை நம்பி யாரும் பிழைக்கவில்லை என்று அவற்றுக்குப் பொருள் கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். 2003இல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை, விதை எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்று தயாரிக்கலாம் என்று காட்டாமணக்கைப் பெரிதாக முன்னிறுத்தியது. 2009இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் பெட்ரோலிலும் டீசலிலும் 20 சதவீத உயிரி எரிபொருள் கலப்பு என்று இலக்கு வைத்தது. வறண்ட நிலத்தில் வளரும், ஆடு மாடு தொடாது என்றெல்லாம் சொல்லித்தான் தமிழ்நாட்டு விவசாயிகளிடமும் இந்தச் செடியைக் கொடுத்தார்கள். வறட்சியில் செடி சாகவில்லை என்பது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் அது போதுமான அளவு காய்க்கவும் இல்லை. ஆடு தொடாது என்பது விற்பவருக்குப் பெருமை. ஆடு வளர்ப்பவருக்கு அதுவே மேய்ச்சல் போன கதை.

ஒரு மாணவரை இராமநாதபுரம் பக்கம் கூட்டிப்போனேன். செயற்கைக்கோள் படத்தில் அவர் 'பயன்படாத நிலம்' என்று குறித்திருந்த இடத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண் பூசியிருந்தார்கள். மண்ணில் வெடிப்பு விட்டால் காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும் என்பதால் ஒரு பெரியவர் பக்கத்திலேயே காவலிருந்தார். வெடிப்பு தெரிந்த இடத்தில் சேற்றை அப்பிக்கொண்டே சொன்னார்: "தம்பி, மழை இல்லாத வருடத்தில் எங்களுக்கு இதுதான் வெள்ளாமை." உதிர்ந்த நெற்றுகளை ஆடுகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. எந்த எரிசக்திக் கொள்கையும் கணக்கில் எழுதாத எரிசக்தி அங்கே ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்தது. சீமைக்கருவேலம் நல்ல மரமா என்ற வழக்கு வேறு. அதைப் பிடுங்கினால் யார் அடுப்பு அணையும் என்று கேட்காத ஆய்வை என்னால் ஏற்க முடியாது.

இப்படிக் கேள்வி கேட்டு ஆய்வு செய்ய வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் ஆகியவை அருகிலேயே இருக்கின்றன. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெப்பமண்டல வனவியலுக்கென்றே முதுகலைப் படிப்பு நடத்துகிறது. வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான ஜெர்மானிய உதவித்தொகைக்குப் பொதுவாக இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்த கையோடு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் பலர். இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் சில மாதங்கள் அமெரிக்காவில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகை உண்டு.

எங்கே சேர்ந்தாலும் இரண்டு திறன்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று, நிலத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் ஆராயும் புவியியல் தகவல் முறைமை (GIS). மற்றொன்று, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் பொறுமை. முதலாவதைப் பயிற்சி வகுப்பில் படித்துவிடலாம்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030இலிருந்து 2025–26க்கு முன்னே கொண்டுவந்தார்கள். கரும்போடு மக்காச்சோளமும் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியது. அதே மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம். பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் இனி எந்தப் பயிரை விட்டுவிட்டு மக்காச்சோளம் விதைப்பார்கள், மக்காச்சோளத்தின் விலையேற்றம் முட்டை விலை வரை எப்படிப் போகும்? ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி இது. அடுத்து வரும் மாணவரைப் பெரம்பலூருக்குத்தான் அனுப்பப்போகிறேன்.