தீசிஸ்: ஆய்வேடா, அதற்குள் இருக்கும் வாதமா?

சமூகவியல் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வெழுத்து கற்றுக்கொடுக்கும் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி, ‘உங்கள் தீசிஸ் என்ன?’ என்பது. பெரும்பாலும் பதிலாக வருவது ஒரு தலைப்பு. ‘இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் வாழ்க்கை’ என்பார் ஒருவர், ‘இணையமும் இளைஞர்களும்’ என்பார் இன்னொருவர். சரி, அதைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டால் அங்கே ஒரு மௌனம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லேதான். பட்டத்துக்காகச் சமர்ப்பிக்கும் தடித்த புத்தகமும் தீசிஸ், அந்தப் புத்தகம் முழுவதும் சேர்ந்து எதை நிறுவப் பார்க்கிறதோ அந்த ஒரே வாக்கியமும் தீசிஸ். தமிழில் ஆய்வேடு என்று எழுதுகிறோமே, அது முதல் பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏடு எழுதப்பட்ட புத்தகத்தைக் குறிக்கிறது, உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

சொல் கிரேக்கம். ‘வை’, ‘இடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர், அதாவது வைத்தல், வைக்கப்பட்டது. தமிழில் நாம் இயல்பாக ‘ஒரு வாதத்தை முன்வைக்கிறார்’ என்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே கற்பனைதான். அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பேர்பெற்ற சிந்தனையாளர் ஒருவர் பொதுக்கருத்துக்கு மாறாகக் கொள்ளும் கருத்துதான் தீசிஸ் என்று வரையறுத்தார். எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை யாரும் மெனக்கெட்டு முன்வைக்கத் தேவையில்லை என்பது இதில் அடக்கம். பின்னால் ஐரோப்பிய இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பொது விவாதத்துக்கு வைத்த கூற்றுகளை இப்படி அழைத்தார்கள். 1517-இல் கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் விவாதத்துக்காக எழுதிய 95 கூற்றுகளும் தீசிஸ்கள்தான், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாக்கியம். ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் பற்றி மார்க்ஸ் 1845-இல் குறித்துவைத்த 11-உம் அப்படியே. தத்துவவாதிகள் உலகை விளக்க மட்டுமே செய்தார்கள், அதை மாற்றுவதுதான் முக்கியம் என்ற கடைசிக் கூற்றை சமூகவியல் மாணவர் எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூற்றுக்கு வந்த பெயர், அந்தக் கூற்றை வாதாடி நிறுவும் நூலுக்கும் பிறகு ஒட்டிக்கொண்டது.

சமூகவியலுக்குள் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘வெபர் தீசிஸ்’ என்றால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எந்தப் பல்கலைக்கழகத்திலோ சமர்ப்பித்த ஆய்வேட்டை யாரும் நினைப்பதில்லை. சீர்திருத்தக் கிறித்தவத்தின், குறிப்பாகக் கால்வினியத்தின், ஒழுக்கநெறிக்கும் நவீன முதலாளியத்தின் மனப்பாங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று 1904-05-இல் அவர் வைத்த வாதத்தைத்தான் நினைப்பார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதியதும் இதே ரகம். தற்கொலை என்பது தலைப்பு. முழுக்கத் தனிமனிதச் செயலாகத் தெரியும் ஒன்றின் விகிதம், ஒரு சமூகம் தன் உறுப்பினர்களை எவ்வளவு பிணைத்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பது தீசிஸ். இதை மறுத்துப் பேச ஆள் கிடைப்பார்கள், இன்றுவரை கிடைக்கிறார்கள். தலைப்பை யார் மறுக்க முடியும்?

ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்கு இதைப் பிடிக்க இலக்கணமே ஒரு வழி தருகிறது. ‘திஸ் தீசிஸ் எக்ஸாமின்ஸ்’ (இந்த ஆய்வேடு ஆராய்கிறது) என்று தொடங்கினால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுத் தப்பித்துவிடலாம். ‘ஐ ஆர்க்யூ தட்’ (நான் வாதிடுவது என்னவென்றால்) என்று தொடங்கினால் முடியாது, அந்த ‘தட்’டுக்குப் பிறகு எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் வந்தே தீர வேண்டும். தமிழில் ‘என்று வாதிடுகிறேன்’ என்பதும் இதே வேலையைச் செய்யும். ‘இணையமும் இளைஞர்களும் என்று வாதிடுகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். ‘நான்’ என்று எழுதலாமா, அடக்கமின்மை ஆகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். எழுதலாம், இன்றைய சமூகவியல் இதழ்களில் தாராளமாகவே எழுதுகிறார்கள்.

எழுவாய் என்றதும் இன்னொன்று. செயப்பாட்டு வினையில் தீசிஸ் எழுதினால் செய்தவர் காணாமல் போய்விடுவார். இதைச் சமூகவியல் மாணவர்களுக்கு அழுத்திச் சொன்னவர் அமெரிக்க சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர். சமூக நெறியிலிருந்து பிறழ்ந்தவர்கள் என்று சிலர் முத்திரை குத்தப்பட்டார்கள் என்று எழுதிவிட்டு, குத்தியது யார் என்று சொல்லாமல் விட்டால் அது நடைப் பிழையோடு நிற்பதில்லை, கோட்பாட்டுப் பிழையே ஆகிவிடும் என்றார். முத்திரை குத்துவதையே ஆராய்ந்தவர் அவர், அவருக்குத் தெரியாதா.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கருதுகோள் சரிவராது, அது ஹைப்போதீசிஸ். ஆராய்வதற்கு முன்னால் தற்காலிகமாகக் கருதிக்கொள்வது அது, தீசிஸ் ஆராய்ந்து முடித்தவர் சொல்லி நிற்பது. கோட்பாடு என்றால் தியரி, அது இன்னும் பெரியது. நிலைப்பாடு சொல் அளவில் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் ஆதாரமே இல்லாமலும் ஒருவருக்கு நிலைப்பாடு இருக்கலாம்.

உண்மையில் தமிழுக்கு இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: மேற்கோள். ஆம், இன்று நாம் பிறர் சொன்னதை எடுத்தாள்வதற்குப் பயன்படுத்தும் அதே சொல். மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில்தான் விளக்குகிறார்கள். ஒருவர் நிறுவுவதாக மேற்கொள்ளும் கூற்று மேற்கோள், அதற்கான காரணம் ஏது. மணிமேகலை இதையே வடமொழி வழியில் பக்கம் என்கிறது. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது. அப்புறம் எப்படியோ மேற்கோள் பிறர் வாக்கியம் ஆகிவிட்டது. பல ஆய்வேடுகளிலும் இதே விபத்துதான் நடக்கிறது: சொந்த வாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபூக்கோ, பூர்தியூ என்று பிரெஞ்சு சிந்தனையாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

நன்னூலும் நூலாசிரியர் கொள்ளும் ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளை, அடுக்கும்போது ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’ என்று ஒன்றைச் சொல்கிறது. தானே ஒன்றை நாட்டி, அதை நிலைநிறுத்துவது. தீசிஸுக்கு இதைவிடக் கச்சிதமான வரையறை கிடைப்பது கஷ்டம். வாதத்தைக் கடைசிப் பக்கத்தில் வைப்பது தமிழ் மனத்தின் இயல்பு, வினைமுற்று கடைசியில் வருவதால்தான் இப்படி என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. மேற்கோளை முதலில் வைத்த நூல் தமிழில்தானே இருக்கிறது. வாதம் கடைசியில் வருவதற்குக் காரணம் எளிது: எழுதி முடிக்கும்போதுதான் அது மாணவருக்கே தெரிகிறது. முதல் வரைவில் அது தப்பில்லை, அடுத்த வரைவில் அந்த வாக்கியத்தைத் தூக்கி முன்னுரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மேற்கோளைப் பழைய பொருளுக்கு இழுத்துவர முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். கூற்றுக்கு ‘மைய வாதம்’, நூலுக்கு ‘ஆய்வேடு’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக முனைவர் பட்டத்துக்குத் தீசிஸ், முதுகலைக்கு டிசர்டேஷன், அமெரிக்காவில் தலைகீழ். தமிழில் அடைமொழி சேர்த்து முதுகலை ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் போதும். பாடக்குறிப்பில் ‘தீசிஸ் ஸ்டேட்மென்ட்’ என்று வந்தால் மட்டும் அதை ‘ஆய்வேட்டு அறிக்கை’ ஆக்கிவிடாதீர்கள், அங்கே கேட்பது மைய வாதத்தைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை.